3872: ஒரு துகளின் பிறப்பு வழக்கு

1964இல் குவார்க்குகளைப் பற்றி முதலில் எழுதியபோதே, நான்கு, ஐந்து குவார்க்குகள் சேர்ந்தும் துகள் உருவாகலாம் என்று முர்ரே கெல்-மன் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அதன்பின் நாற்பது வருஷம் தேடினார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒண்ணும் சிக்கவில்லை.

2003இல் ஜப்பானின் சுகுபாவில், பெல் ஆய்வுக்குழுவுக்கு ஒன்று சிக்கியது. இன்னதென்று புரியாததால் பெயர் எக்ஸ்(3872). 3872 என்பது மெகா எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் அதன் நிறை. மின்னூட்டமில்லாத டி, டி-ஸ்டார் மீசான்களின் நிறையைக் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். அப்படியென்றால் இது அந்த இரண்டும் லேசாக ஒட்டிக்கொண்ட மூலக்கூறா? இல்லை, நான்கு குவார்க்குகளும் ஒரே கட்டாக இறுகியதா?

அமெரிக்காவின் டெவட்ரானில், புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதும் களேபரத்திலும் இது தாராளமாகப் பிறந்தது. லேசாக ஒட்டியது அங்கே எப்படிப் பிழைக்கும்? 2009இல் கிரின்ஸ்டீன், பொலோசா உள்ளிட்ட ஐந்து பேர் கணக்குப் போட்டார்கள். ஹெர்விக், பித்தியா என்ற மோதல் சிமுலேஷன் நிரல்களை ஓட்டி, இரண்டு மீசான்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே திசையில் கிளம்புவது எத்தனை முறை என்று எண்ணினார்கள். விடை: அதிகபட்சம் 0.085 நானோபார்ன். டெவட்ரான் தரவு சொன்னதோ சுமார் 3. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆக, மூலக்கூறு இல்லை என்றார்கள்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இந்த இடம் பரிச்சயம். விடை இவ்வளவு விலகினால், நிரலைவிட அதில் நாம் எழுதிவைத்த அனுமானத்தைத்தான் முதலில் சந்தேகப்படணும். அதே வருஷம் ஆர்ட்வாசனே, பிராட்டன் இருவரும் அதையே செய்தார்கள். மீசான்கள் 'சேரும் அளவுக்கு நெருக்கம்' என்பதற்கு அந்த ஐவர் வைத்த எல்லை, 35 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவு சார்பு உந்தம். பிறந்த பிறகும் மீசான்கள் ஒன்றையொன்று பாதிக்குமே, எல்லையை இன்னும் அகலமா வைக்கணும் என்றார்கள் இவர்கள். வைத்தால் மூலக்கூறும் பிழைத்துவிடுகிறது.

2020இல் செர்னின் எல்எச்சிபி குழு புதுத் தரவு தந்தது: மோதலில் துகள் கூட்டம் கூடக்கூட, சாதாரண இரு-குவார்க் துகளான சை(2எஸ்)உடன் ஒப்பிட்டால் எக்ஸின் பங்கு குறைகிறது. வழக்கு முடிந்ததா? இல்லை. இறுகிய கட்டுதான் என்று ஒரு தரப்பு அதைப் படித்தது. மூலக்கூறுக்கும் இது பொருந்துகிறதே என்று மறுதரப்பு.

தரவு வந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே தரவில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு நெருங்கினால் நெருக்கம் என்பதில்தான் சண்டை.