குழந்தை நரம்புஉளவியலாளர்

மூளையின் நிலை குழந்தையின் கவனம், நினைவு, பேச்சு, கற்றல் ஆகியவற்றை எப்படிப் பாதிக்கிறது என்று சோதித்தறியும் வல்லுநர். இவர் மருந்து எழுதித் தருவதில்லை. உளவியலில் முதுகலை, மருத்துவ உளவியலில் இரண்டாண்டு எம்.ஃபில்., இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு என்பதே இந்தியாவில் பலர் வந்த வழி. நரம்புஉளவியல் பயிற்சி அதற்கு மேல்.

இப்பயிற்சிக்குப் பெயர்பெற்றது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம். அங்கே பூமிகா கர், ஷோபினி ராவ் உள்ளிட்டோர் 5 முதல் 15 வயதினருக்காக உருவாக்கிய சோதனைத் தொகுப்பு 2004இல் வெளியானது. கேட்ட சொற்களை நினைவிலிருந்து ஒப்பித்தல், புதிர்ப்பாதையில் முட்டாமல் பென்சிலால் கோடிழுத்தல் எனப் பார்க்க விளையாட்டுதான். வலிப்புக்குப் பின் படிப்பில் பின்தங்கி, வகுப்பில் ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு எது தடுமாறுகிறது என்பது இதில்தான் பிடிபடும்.

செம்பட்டி போன்ற சிற்றூர்ப் பெற்றோர் முதலில் அணுகக்கூடியது, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டு மையம். அத்திட்டத்தில் உளவியலாளர் பணியிடம் உண்டு. நரம்புஉளவியலாளருக்குத் தனி இடமில்லை.