மை ஃபேர் லேடி: ஒரு ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டு

நாடகம் என்பது அன்றன்றைக்கே முடிந்துபோகிற சமாசாரம். திரை விழுந்ததும் கொட்டகை காலியாகிவிடும். நடிகர் எப்படி நடித்தார், எப்படிப் பாடினார் என்பது பார்த்தவர்களின் நினைவோடு சரி. அமெரிக்காவின் பிராட்வே இசை நாடகங்களுக்கு மட்டும் இதற்கு ஒரு பரிகாரம் கிடைத்தது. முதன்முதலாக மேடையேறிய அதே நடிகர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைத்து, நாடகத்தின் பாடல்களைப் பாடவைத்து, இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 'ஒரிஜினல் காஸ்ட் ரெக்கார்டிங்' என்று அதற்குப் பெயர். அப்படி வந்தவற்றில் எழுபது வருஷமாகியும் சலிக்காத ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

1943ல் 'ஒக்லஹோமா' நாடகத்தின் பாட்டுகளை டெக்கா கம்பெனி வெளியிட்டது. அது அமோகமாக விற்றதும்தான் இந்த வழக்கம் வேரூன்றியது. ஆனால் அவை 78 சுற்றுத் தட்டுகள். ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிஷம்தான் ஓடும். ஒரு நாடகத்தைக் கேட்க ஒரு கட்டுத் தட்டு வேண்டும், அடிக்கடி எழுந்து மாற்றவும் வேண்டும். 1948ல் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடியது. ஒரே தட்டில், நாடகத்தின் போக்கிலேயே பாடல்களைக் கேட்க முடிந்தது. கொலம்பியாவின் காடார்ட் லீபர்சன் இந்த வசதியை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர்.

இனி நாடகத்துக்கு வருகிறேன். மூலக்கதை பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்'. 1913ல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் முதலில் மேடையேறி, 1914ல் லண்டனுக்கு வந்தது. கோவன்ட் கார்டனில் பூ விற்கிற எலைசா என்ற பெண்ணின் கொச்சை உச்சரிப்பைத் திருத்தி, ஆறு மாதத்தில் அவளைப் பெரிய இடத்துச் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன் என்று ஹிக்கின்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் பந்தயம் கட்டுகிறார். அதுதான் கதை. ஷாவுக்கு இதை இசை நாடகமாக்குவதில் சம்மதமே இல்லை. அவருடைய வேறொரு நாடகம் 'சாக்லெட் சோல்ஜர்' என்ற இசை நாடகமானபோது பட்ட மனக்கசப்பு அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. 1950ல் அவர் காலமான பிறகுதான் வழி திறந்தது. அப்போதும் ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் போன்ற ஜாம்பவான்களே முயன்று பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் ஆலன் ஜே லெர்னர் எழுத, ஃபிரெடெரிக் லோவ் இசையமைக்க, 'மை ஃபேர் லேடி' உருவாயிற்று.

நாடகத்துக்கான முதலீட்டை, ஏறத்தாழ 4 லட்சம் டாலரை, சி.பி.எஸ். நிறுவனம் போட்டது. கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அதன் கிளைதான். லீபர்சன் எடுத்துச் சொல்லித்தான் சி.பி.எஸ். தலைவர் வில்லியம் பேலி சம்மதித்தார். நாடகப் பணமும் தட்டு உரிமையும் ஒரே இடத்தில் சேர்ந்தன.

1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கின் மார்க் ஹெலிங்கர் அரங்கில் நாடகம் தொடங்கியது. பத்தே நாள் கழித்து, மார்ச் 25 ஞாயிற்றுக்கிழமை, கொலம்பியாவின் 30வது தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். அது முன்பு ஒரு தேவாலயமாக இருந்த கட்டடம். உயர்ந்த கூரை, நல்ல எதிரொலி. ஹிக்கின்ஸாக ரெக்ஸ் ஹாரிசன், எலைசாவாக ஜூலி ஆண்ட்ரூஸ், அவள் அப்பன் டூலிட்டிலாக ஸ்டான்லி ஹாலோவே. ஏப்ரல் தொடக்கத்தில் தட்டு கடைக்கு வந்துவிட்டது. 1957, 1958 இரண்டு வருஷமும் அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம். பில்போர்டு பட்டியலில் மொத்தம் 480 வாரங்கள் இருந்தது. நாடகமே 2,717 காட்சிகளோடு 1962ல் முடிந்துவிட்டது, தட்டு அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் இந்த ஆயுள்? பாட்டுகள் இனிமையானவை என்பது ஒரு பதில். அது போதாது என்று நினைக்கிறேன். இனிமையான பாட்டுள்ள நாடகங்கள் எத்தனையோ வந்து மறைந்தன.

என் கணிப்பில் முக்கியமான காரணம் வேறு. இந்தக் கதையின் பொருளே ஒலி. மற்ற நாடகங்களைத் தட்டில் கேட்கும்போது ஆட்டம், காட்சி, உடை எல்லாம் போய்விட்டதே என்ற குறை இருக்கும். இங்கே நடக்கிற முக்கியச் சம்பவம் ஒரு பெண்ணின் வாயில் நடக்கிறது. ஆரம்பத்தில் எலைசா 'ஹ' என்ற ஒலியையே விழுங்கிவிடுவாள். 'ரெயின்' அவள் நாக்கில் 'ரைன்' ஆகும். ஹிக்கின்ஸைத் திட்டிப் பாடும்போதுகூட அவர் பெயரிலுள்ள 'ஹ' காணாமல் போயிருக்கும். பிறகு ஸ்பெயின் மழைப் பாட்டில் உச்சரிப்பு சட்டென்று நேராகிறது. அதைப் பார்க்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். செசில் பீட்டனின் உடைகள் போனாலும், கதையின் உயிர் தட்டில் ஏறிவிட்டது. வசனத்தில் பெரும்பகுதி அதில் இல்லைதான். இருந்தும் கதை புரிகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் 'ஹ' எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது. அந்த எழுத்தின் பெயரையே 'ஆஷ்' என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் கோப்பு நடக்கும் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, 'ஹெட் கிளார்க்' என் வாயில் 'எட் கிளார்க்' என்று வரும். "எட்டு கிளார்க்கா சார்? நமக்கு ஒருத்தர்தானே?" என்று சிரிப்பார்கள். ஹெட் கான்ஸ்டபிளை 'ஏட்டு' என்று கூப்பிடுகிறவர்கள்தான் அப்படிச் சிரித்தார்கள்! குறிப்பு எழுதுவதில் என்னிடம் யாரும் பிழை கண்டதில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் என் மதிப்பு ஒரு படி இறங்கிவிடும். நண்பர் ஒருவர் கொடுத்த கேசட்டில் இந்த நாடகத்தைக் கேட்டபோது எனக்கு அது வேடிக்கைக் கதையாகப் படவில்லை. மனிதனை அவன் உச்சரிப்பை வைத்து எடைபோடுகிறார்களே என்று ஷா 1913லேயே கேட்ட கேள்வியாகத்தான் பட்டது.

இன்னொரு காரணம் குரல்கள். ரெக்ஸ் ஹாரிசன் பாடகர் அல்ல. தாளத்தை விடாமல், ராகத்தைத் தொட்டும் தொடாமலும், பேசுகிற மாதிரியே பாடிவிடுகிறார். வாதாடிப் பழகிய ஒரு பேராசிரியருக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது 20. பூக்காரியின் கரகரப்பும் சீமாட்டியின் தெளிவும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன.

1964ல் இது சினிமாவானபோது அவரைச் சேர்க்கவில்லை. பட உலகில் பெயர் போதாது என்று ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். பாட்டுகளில் பெரும்பாலும் மார்னி நிக்ஸனின் குரல். படத்துக்கு எட்டு ஆஸ்கர் கிடைத்தது. நடிகைக்கான ஆஸ்கரோ அதே விழாவில் 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் போயிற்று. ஆனாலும், பிராட்வே மேடையில் அவர் எலைசாவாக நடித்ததை யாரும் முழுமையாகப் படம்பிடித்து வைக்கவில்லை. அந்த எலைசா நமக்கு மிஞ்சியிருப்பது முக்கியமாக இந்தத் தட்டுகளில்தான்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1956 பதிவு மோனோ. ஸ்டீரியோ வந்த பிறகு, லண்டன் மேடையில் நடித்த அதே மூவரையும் வைத்து 1959ல் மறுபடி பதிவு செய்தார்கள். அது துல்லியமானது, சுத்தமானது. ஆனால் நூற்றுக்கணக்கான தடவை பாடிப் பழகிய நிதானம் அதில் தெரியும். 1956 தட்டில் இருப்பது, நாடகம் ஜெயித்துவிட்டது என்று தெரிந்து பத்தே நாளான சந்தோஷம். என் ஓட்டு அதற்குத்தான்.

அட்டைப் படத்தையும் பாருங்கள். ஓவியர் ஹிர்ஷ்ஃபெல்ட் வரைந்தது. மேகத்தில் ஷா உட்கார்ந்து ஹிக்கின்ஸைப் பொம்மலாட்டம் ஆட்டுகிறார், ஹிக்கின்ஸ் எலைசாவை ஆட்டுகிறார். தட்டைக் கேட்டு முடித்ததும் இன்னொரு தடவை அந்தப் படத்தைப் பாருங்கள். எலைசாவின் கயிறு அப்போதும் அவர் கையில்தான் இருக்கிறதா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.