நீலி முதல் சுழல் வரை: தமிழ்க் கிராம மர்மக்கதையில் நல்ல பெயர் எடுத்த கொலையாளி

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் எழுபது வேளாளர் கூடியிருந்த சபைக்கு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். எதிரே நின்ற வணிகன் தன் கணவன் என்றும், தன்னையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறான் என்றும் அழுதாள். வணிகன் மறுத்தான்; இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள் என்று கெஞ்சினான். அவளுடைய பேச்சும் கண்ணீரும் இடுப்பிலிருந்த குழந்தையும் சபைக்குப் போதுமான சான்றாயின. அவன் காவலுக்கு வைத்திருந்த வாளை வாங்கிவிட்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி, இருவரையும் ஒரே வீட்டில் இரவு தங்க வைத்தார்கள். விடியும்போது வணிகன் பிணமாகக் கிடந்தான். அவள் குழந்தையாக ஏந்தி வந்தது கள்ளிக்கொம்பு. கொடுத்த சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினர்.

பழையனூர் நீலியின் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் இதைக் குறிப்பிடுவதால் கதையின் பழமை ஏழாம் நூற்றாண்டுக்கும் முன்னே போகிறது. நாட்டார் வழக்காற்றியலில் இது பேய்க்கதையாகவும் பழிவாங்கும் பெண்ணின் கதையாகவும் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. முற்பிறப்பில் அவளைக் கொன்றவன் அந்த வணிகனே என்பதால் அந்த வாசிப்புகளுக்கு வலுவும் உண்டு. நான் இதை வேறொரு வரிசையில் வைக்க விரும்புகிறேன். இது ஒரு கிராமத்தில் நடக்கும் கொலைக்கதை. கொல்பவள் அழகாகப் பேசுகிறாள், ஊர் அவளை நம்புகிறது, அந்த நம்பிக்கையே கொலைக்கருவியாகிறது. ஊராரின் நம்பிக்கையைச் சம்பாதித்த கொலையாளி என்ற பாத்திரம் ஆங்கிலத் துப்பறியும் நாவலோடு நம்மிடம் வந்ததன்று. அது இங்கே பிறந்து, அச்சு நாவல் வந்த காலத்தில் நகரத்துக்குப் போய்விட்டு, நூறாண்டு கழித்து ஊர் திரும்பியது. அந்தப் பயணத்தைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலிக்கு ஒரு முன்னோடியும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் வரும் பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் தானே திருடியவன். கோவலனிடம் பணிவாகப் பேசி, தன் குடிலருகே காத்திருக்கச் சொல்லிவிட்டு அரசனிடம் போகிறான். கொல்ல வந்த காவலர், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது அவன் அவர்களுக்குக் களவுநூல் பாடமே நடத்துகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வரின் எட்டு வழிகளையும் எடுத்துரைக்கிறான். குற்றவாளியே குற்றவியல் நிபுணனாகி, அதிகாரத்தின் கையாலேயே கொலையை முடிக்கும் இந்தக் காட்சிக்கு இணையான ஒன்றைப் பிற்கால மர்மநாவல்களில் நான் காணவில்லை. முகத்தை நம்புவதா, சொல்லை நம்புவதா என்ற கேள்வியையும் இளங்கோ அங்கேயே வைத்துவிட்டார்.

துப்பறிபவன் எடுத்துக்கொண்ட கவர்ச்சி

பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894இல் வந்தது. தமிழின் முதல் துப்பறியும் நூலாக அதையே பெரும்பாலும் கொள்வர். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதியிருந்தார். கடத்தப்பட்டு பம்பாயில் வளரும் எகிப்திய உயர்குடிப் பிள்ளையின் கதை அது. அதைத் துப்பறியும் நாவல் என்று சொல்ல முடியாது. ஆனால் பிறப்பு இரகசியம், கடத்தல், சூழ்ச்சி, கடைசியில் அடையாளம் வெளிப்படல் என மர்மக்கதையின் உறுப்புகள் அதில் இருக்கின்றன. இலங்கை முஸ்லிம் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவலே இந்த வழியில் தொடங்கியது என்பதை இலங்கையின் கிழக்கிலிருந்து எழுதும் நாம் மறக்கக் கூடாது. கதைக் களமோ பம்பாய், கல்கத்தா, எகிப்து. ஊர் அதில் இல்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் வாசகக் கூட்டத்தையே உருவாக்கினார்கள். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. எரிந்த பெண்பிணம், பழி சுமந்த காதலன் கோபாலன், உண்மையை வெளிக்கொணரும் துப்பறியும் கோவிந்தன் என அந்த அமைப்பு பின்னால் வந்தவர்களுக்கு அச்சாகிப் போனது. இந்த நாவல்களில் சாதுரியமும் வசீகரமும் துப்பறிபவனுக்கே ஒதுக்கப்பட்டுவிட்டன. வடுவூராரின் திகம்பர சாமியார் வேடம் மாறுவார், பேச்சால் மயக்குவார், எதிரியின் வீட்டுக்குள்ளேயே நடமாடுவார். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அந்தச் சாமியாரின் கதை ஒன்றைப் படமாக்கியபோது எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றி நடித்தார். கெட்டவனுக்கு எஞ்சியது பேராசையும் கொடுமையும்தான்.

ஒரு விலக்கு உண்டு. அந்தக் கதையின் வில்லன் கும்பகோணத்தில் பேரெடுத்த வக்கீல், சட்டநாதம் பிள்ளை. அவருடைய மரியாதைதான் அவருக்கு மறைப்பு. உறங்க விடாமல் வைத்து அவர் வாயாலேயே உண்மையைக் கக்க வைக்கும் பகுதியை நான் இந்த வரலாற்றின் முக்கியமான படியாகக் கருதுகிறேன். நீலியின் தந்திரம் முதன்முறையாக அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு நவீன நாவலுக்குள் நுழைகிறது.

அச்சு நாவலுக்குக் கீழே இன்னொரு ஓட்டமும் இருந்தது. கொலைச்சிந்து என்ற மலிவான சிறு புத்தகங்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பாடி விற்கப்பட்டன. நடந்த கொலை, ஊர்ப்பெயர், ஆள்பெயர், நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் அவற்றில் வரும். படித்த விமர்சகர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கிராமத்துக் கொலையைக் கிராமத்து மொழியில், உறவுமுறை சொல்லிப் பேசிய ஒரே வடிவம் அந்தக் காலத்தில் அதுதான். 1952இல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலையும் இத்தகைய மக்கள் பேச்சில் நீண்ட நாள் வாழ்ந்தது. தலையற்ற உடல் ஒரு டிரங்குப் பெட்டியில், இலங்கைக் கப்பலைப் பிடிக்கத் தனுஷ்கோடி போகும் போட் மெயிலில், மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. பெண்களைக் கவரும் பேச்சுக்காரராக அறியப்பட்டவர் அங்கே கொலையுண்டவரே; கொன்றவர் அல்லர். கவர்ச்சி எந்தப் பக்கம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை அந்த வழக்கு வாசகருக்குக் காட்டியது.

நட்சத்திர முகம்

கொலையாளிக்கு அழகிய முகத்தைத் துணிந்து கொடுத்தது சினிமா. 1964இல் வந்த 'புதிய பறவை'யில் சிவாஜி கணேசனின் கோபால் பண்பாளர், செல்வந்தர், காதலில் உருகுபவர், மனைவியைக் கொன்றவர். அவரைக் காதலிப்பதாக நடித்து உண்மையை வரவழைக்கும் லதா காவல்துறையைச் சேர்ந்தவள். மயக்குதல் இரு பக்கமும் நடக்கிறது, ஆனால் முடிவில் ரசிகர் அழுவது கொலையாளிக்காக. வங்காளத்தின் 'சேஷ் அங்கா' வழியாக வந்த கதை இது என்றாலும், கதாநாயகனையே கொலையாளியாக ஏற்கத் தமிழ்ப் பார்வையாளரைப் பழக்கியதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1978இன் 'சிகப்பு ரோஜாக்கள்' அந்த அழுகையை எடுத்துவிட்டு அச்சத்தை வைத்தது. கமல்ஹாசனின் திலீப் நாகரிகமான இளம் தொழிலதிபர். 'பதினாறு வயதினிலே'யும் 'கிழக்கே போகும் ரயில்'உம் எடுத்துத் தமிழ் சினிமாவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்ற பாரதிராஜா, வசீகரமான கொலையாளியை மட்டும் நகரத்து மாளிகையில் குடியமர்த்தினார். அன்றைய கலைஞர்கள் கிராமத்தில் முரடனைக் கண்டார்கள், சாதிவெறியனைக் கண்டார்கள். சிரித்துப் பேசிக் கொல்பவனைக் காணவில்லை. கிராமத்தின் மனம் வெளிப்படையானது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா 1980இல் 'மூடுபனி' எடுத்தார். ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய அந்தப் படத்தில் பிரதாப் போத்தனின் சந்துரு கூச்சமும் மென்மையும் கொண்டவன். அவன் குழந்தைப் பருவக் காயத்தை இயக்குநர் பரிவோடு காட்டுகிறார். நம் கரையிலிருந்து போன ஒரு கலைஞர் கொலையாளியின் தனிமையை இவ்வளவு நெருங்கிப் பார்த்தார் என்பது எனக்குப் பெருமையான செய்தி. அந்தத் தனிமையும் நகரத்துத் தனிமையே.

ஊர் திரும்புதல்

இங்கிலாந்தில் கதை வேறு வழியில் நடந்திருந்தது. நகரத்தின் இருண்ட சந்துகளைவிட அழகிய நாட்டுப்புறம் பயங்கரமானது என்று 1892லேயே கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கருத வைத்தார். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் ஆக்ராய்ட் கொலைக்கதையில் கொலை செய்தவர் ஊரின் நம்பிக்கைக்குரிய வைத்தியர்; கதையை நமக்குச் சொல்லிக்கொண்டு வருபவரும் அவரே. இந்த மரபின் நீண்ட வாரிசு 'மிட்சமர் மர்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடர். கரோலின் கிரஹாமின் நாவல்களை அடியாகக் கொண்டு 1997 மார்ச் 23 அன்று தொடங்கி, கால் நூற்றாண்டைத் தாண்டியது. 2011இல் ஜான் நெட்டில்ஸ் விலகி நீல் டட்ஜன் வந்தபோதும் ஊர்களின் இயல்பு மாறவில்லை. முதல் கதையிலேயே ஒரு முதிய பெண் அரிய ஆர்க்கிட் மலரைத் தேடிக் காட்டுக்குள் போய், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறாள். கொலைகாரர்கள் அழகிய இளம் ஓவியனும் செல்வந்தரை மணக்கவிருக்கும் அவன் தங்கையும். தேவாலயம், பூந்தோட்டப் போட்டி, கிரிக்கெட் ஆட்டம் என்று ஊர் கூடும் இடங்களிலெல்லாம் நன்றாகப் பேசும் ஒருவர் இருப்பார். ஊர் அவரைப் பற்றி நல்லதே சொல்லும். எழுபது வேளாளரின் சபை அங்கே தேநீர் விருந்தாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் இந்தத் திருப்பத்துக்குச் சுஜாதா வழி திறந்தார். 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் நாட்டுப்பாடல் சேகரிக்க வரும் கல்யாணராமன் ஊரின் ஜமீன் மாளிகையில் தங்குகிறான். கொலை நடக்கிறது, ஊர்ப் பாடலிலேயே குறிப்பு ஒளிந்திருக்கிறது. ஊரை அறிந்தால்தான் குற்றத்தை அறியலாம் என்பதை அந்த நாவல் வலுவாக நிறுவியது. 1981இல் அது படமாகவும் வந்தது.

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'மர்மதேசம்' தொடர்கள்தாம் உண்மையான கிராம மர்ம நாடகத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். 'விடாது கருப்பு'வில் தவறு செய்தவர்கள் வரிசையாகச் சாகிறார்கள்; கருப்புசாமி தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. விடை பிளவுண்ட மனத்தின் வழியாக வருகிறது. இங்கே ஊரின் பக்தியே கொலைக்குத் திரையாகிறது. நீலி பேயாக இருந்துகொண்டு மனுஷியாக நடித்தாள். இங்கே மனிதச் செயல் தெய்வத்தின் பெயரில் நடமாடுகிறது. திசை மாறினாலும் ஏமாறுவது அதே சபை.

2022இன் 'சுழல்' இன்னும் ஒரு படி உள்ளே போனது. புஷ்கர்–காயத்ரி எழுதிய அத்தொடர் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் ஒரு சிற்றூரில் நகர்கிறது. நாம் பலரைச் சந்தேகித்த பின் குற்றவாளியாகத் தெரிய வருபவர், வீட்டார் எல்லோரும் அன்போடு நம்பிய ஒருவர். குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் எவருக்கும் தெரிந்த கசப்பான உண்மை இது: தீங்கு பெரும்பாலும் அறிந்த முகத்திலிருந்தே வருகிறது. வசீகரம் இங்கே மெல்லிய பேச்சாகவும், நீண்ட கால உறவாகவும், யாரும் கேள்வி கேட்காத உரிமையாகவும் உருக்கொள்கிறது. இதுவரை நாம் பார்த்த வரிசையில் மிக நேர்மையான சித்திரம் இதுவே என்பது என் முடிவு.

கிழக்குக் கரையிலிருந்து

இலங்கையில் இந்த வளர்ச்சி ஏன் நிகழவில்லை? 1970 முதல் 1977 வரையிலான அரசு இந்திய வணிக இதழ்களின் வரவைக் கட்டுப்படுத்தியபோது உள்ளூர் நாவலுக்கு இடம் பிறந்தது. வீரகேசரிப் பிரசுரம் வரிசையாக நாவல்களை வெளியிட்டது. கிராமம் அவற்றில் தாராளமாக வந்தது. ஆனால் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) போன்ற நூல்களால் உருவான முற்போக்கு விமர்சனச் சூழலில் துப்பறியும் கதைக்கு மதிப்பில்லை. அது பொழுதுபோக்குச் சரக்கு. நிலம், சாதி, வர்க்கம் ஆகியவற்றைப் பேசும் நாவலுக்கு ஊர் உரியதாயிற்று. அந்த விமர்சனத்தின் சமூக அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனாலும், ஒரு சமூகம் யாரை நம்புகிறது, ஏன் நம்புகிறது என்பதை மர்மக்கதை அளவுக்குக் கூர்மையாகச் சோதிக்கும் வடிவம் வேறில்லை. அதைத் தள்ளி வைத்தது இழப்பு.

நிந்தவூர் போன்ற ஊரில் அந்தச் சோதனைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. காரைதீவுக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். குடிக்குத் தலைவராக மரைக்கார் உண்டு, அவருக்குப் பள்ளிவாசலில் இடம் உண்டு. வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். புதிதாக வரும் ஆண் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் முழு நம்பிக்கையையும் பெற்றே உள்ளே வருகிறார். வளவு அடுத்த வளவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. யாருடைய நடையும் யாருக்கும் மறைவதில்லை, ஆனால் மரியாதை கருதிப் பலவற்றைப் பேசாமல் விடுகிறோம். காணி உறுதி, கலியாணப் பேச்சு, வெளிநாட்டுப் பணம், படகுப் பங்கு எனக் கதைக்கான முடிச்சுகளும் நிறையவே உண்டு. கிறிஸ்டி தன் கிராமத்தில் கண்டெடுத்தவற்றுக்கு இவை எந்த வகையிலும் குறைந்தவையல்ல.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூத்தம்மாமார் சொல்லும் பேய்க்கதைகளையும், பழைய வழக்குகளைப் பற்றிய ஊர்ப் பேச்சையும் இப்போதே பதிவு செய்யுங்கள். சொல்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எழுதத் துணிபவர்கள் உங்கள் மர்ம நாவலை உங்கள் ஊரிலேயே வையுங்கள். கொலையாளியை வெளியூரிலிருந்து கூட்டி வராதீர்கள்.