சிவப்பு அட்டையும் நீல அட்டையும்

கோலாசிலாங்கூர் வட்டாரத்துக் கம்போங் குவாந்தானை இன்று நாடறியும். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருங்கே ஒளிர்வதைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து படகேறுகின்றனர். அவர்கள் வரும் சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அவ்விடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரிடல் 1917-இல் தொடங்கியதும் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். இத்தோட்டங்களில் உழைத்தோருள் மிகப் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவோம் என்று எண்ணி வந்தவர்கள். அவர்களுள் சிலர் குடிமக்களாயினர். சிலர் நாடு திரும்பினர். சிலர் இரண்டுமின்றி இடையில் நின்றனர். இவ்வேறுபாடு எதனால் விளைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். நம் முன்னோரைத் தற்காலிகத் தொழிலாளராகவே வைத்திருக்கும் வகையில் அன்றைய ஏற்பாடுகள் அமைந்திருந்தன. 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, கப்பற்கட்டணம் கொடுத்து ஆட்களை வரவழைத்தது. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். இரப்பர் விலை உயர்ந்தபோது ஆட்கள் வந்தனர். விலை வீழ்ந்த 1930-களின் தொடக்கத்தில் பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு இவ்வகைக் குடியேற்றத்தைத் தடை செய்தது. இங்கே தங்கிவிட்டோர்க்கும் சொந்த வீடில்லை. தோட்டத்து லயமே வீடு. வேலை போனால் வீடும் போகும். இத்தகைய வாழ்வில் 'நிரந்தரம்' என்னும் சொல்லுக்குப் பொருள் ஏது?

1948-இல் மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை குடியுரிமைக்கு வழி வகுத்தது. ஆயின் நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. வெளிநாட்டில் பிறந்தவர் விண்ணப்பிக்க, முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். 1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது கதவு அகலத் திறந்தது. இம்மண்ணிற் பிறந்தோர், முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வும் இல்லை. வெளியிற் பிறந்தோர்க்கு 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வாழ்வு போதுமானது. அவர்களுள் 45 வயதை எட்டியோர்க்கு அதே ஓராண்டுக்குள் மொழித்தேர்வு விலக்கு உண்டு. அந்த ஓராண்டின் அருமையை உணர்ந்தோர் பிழைத்தனர். உணராதோர் பலர்.

அவர்கள் ஏன் உணரவில்லை? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது, அது நியாயமாகாது. என் பாட்டனாரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் பால்மரம் வெட்டியவர். விண்ணப்பிக்கப் பட்டணம் செல்ல வேண்டும். அன்றைய கூலி போகும். பேருந்துக் கட்டணமும் ஆகும். நற்சான்று கூற ஆள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, "அடுத்த தைக்கு ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கடா பிரஜாவுரிமை?" என்பது அவர் கேள்வி. அந்தத் தை வரவேயில்லை. தோட்டத்திலேயே பிறந்த என் பாட்டியாரோ, கிராணியார் வீட்டம்மாள் சொற்கேட்டுக் காலத்தே பதிவு செய்துகொண்டார். ஒரே லயத்தில், ஒரே தகரப்பெட்டிக்குள், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையும் குடிமக்களுக்குரிய நீல அட்டையும் அருகருகே கிடந்தன. அந்நாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை; இருவரும் ஒரே பெரட்டில் நின்றனர், ஒரே கூலி பெற்றனர்.

வேறுபாடு பின்னர்த் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் அல்லாதார், நிரந்தரவாசிகளேயாயினும், வேலை செய்யப் பெர்மிட் பெறவேண்டும் என்றாயிற்று. முப்பதாண்டு வெட்டிய அதே மரத்தை வெட்ட என் பாட்டனார்க்கு இசைவுச் சீட்டு தேவைப்பட்டது, பாட்டியார்க்குத் தேவைப்படவில்லை. அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினர் என வரலாற்று நூல்கள் மதிப்பிடுகின்றன. பக்கத்து லயத்துக் குடும்பம் ஒன்றும் அப்படிச் சென்றது. அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் அவர்கள் ரஜூலா கப்பலேறியதைப் பாட்டியார் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அக்குடும்பத்துப் பிள்ளைகள் தாம் ஒருநாளும் காணாத ஊருக்குத் 'திரும்பி'னார்கள்.

சிவப்பு அட்டை பயனற்றது என்று இதனாற் கருதிவிடலாகாது. 1962-இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டபின், இந்நாட்டிற் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே குடியுரிமை பெற, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. ஆகவே சிவப்பு அட்டை தமக்கு அளிக்காததைத் தம் பிள்ளைகளுக்கு அளித்தது. தாள் ஒன்றுமே இல்லாதவர் நிலையே மிகக் கொடிது. அவர் துன்பம் பிள்ளைக்கும் சென்றது. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற திருத்தம், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இருந்த அவ்வழியையும் நீக்குவதாக அமைந்தது.

இலங்கையோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். அங்கே மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 வரை முடிவின்றிக் கிடந்தது. அங்கே முடிவெடுத்தவர்கள் அரசினர். இங்கே, வரம்புக்குட்பட்டேனும், முடிவெடுக்கும் வாய்ப்புத் தொழிலாளியின் கையில் சிறிதுகாலம் இருந்தது. ஆனால் அவ்வாய்ப்பைத் தோட்டத்தின் வேலிக்குள் வாழ்ந்தவனுக்கு எடுத்துரைக்கப் போதிய ஆளில்லை. வாய்ப்பைச் சட்டம் தந்தது. அதைப் பற்றிக்கொள்ளும் வலிமையை வாழ்க்கை தரவில்லை.

2018-இல் அரசாங்கம், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேர் குடியுரிமை பெற வழி செய்யப்படும் என அறிவித்தது. விடுதலைக்குப்பின் 61 ஆண்டுகள் கழிந்தும் இத்துணைப் பேர் காத்திருந்தனர். என் பாட்டனார் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே சிவப்பு அட்டையோடு மறைந்தார்.

இன்று நம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேபாளியரும் உழைக்கின்றனர். அவர்கள் சீட்டு தற்காலிகமானது. குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அது இடந்தருவதில்லை. நம் முன்னோர்க்கு ஓராண்டேனும் ஒரு கதவு திறந்திருந்தது. இவர்கள் முன் அத்தகைய கதவு ஒன்றும் இல்லை. அவர்களைப் பார்க்கும்போது நம் பாட்டன்மாரை நினைத்துக்கொள்வது நமக்கு அழகு.

பள்ளித் தொடக்க நாட்களில் முதலாம் வகுப்புப் பதிவுக்காக வரும் தாய்மாருள், பிறப்புச் சான்றிதழைக் கேட்டதும் தலைகுனிவோர் இன்றும் உளர். அத்தலைகுனிவு 1958-இல் செல்லாமற்போன ஒரு பேருந்துப் பயணத்தின் தொடர்ச்சியாகவும் இருக்கலாம். ஆசிரியப் பெருமக்கள் அவரைக் கடியாது அமரச்செய்து, எந்த அலுவலகம், எந்தப் பாரம், எவர் சான்று என்று எடுத்துரைக்க வேண்டும். அன்று நம் பாட்டன்மார்க்குக் கிடைக்காத துணை அதுவே. மாணவர்களோ தம் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய அட்டைகளையும் சான்றிதழ்களையும் பெரியோரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்த ஆண்டில் எவர் எதைத் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார் என்று எழுதிவைக்க வேண்டும். நம் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் இனியும் எழுதப்படாமல் அப்பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது.