குற்றப்பத்திரிகையும் வாக்குப்பெட்டியும்: திருவனந்தபுரத்தில் முதலமைச்சர்கள் மீதான வழக்குகள்

டொனால்டு டிரம்ப் 2024 மே மாதம் நியூயார்க் நீதிமன்றத்தில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வழக்கில் சிக்கிய ஆட்சித் தலைவரை மக்கள் எப்படி ஏற்கிறார்கள் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்துக்கு இக்கேள்வி ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழக்கமுடையது. அங்கே எந்த முதலமைச்சரும் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றதில்லை எனினும், வழக்கின் நிழல் படாமல் நெடுங்காலம் ஆண்டவர்களும் குறைவு. அந்த வழக்குகள் தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கிய தருணங்களை ஆராய்ந்தால், இறக்கியவர்கள் பெரும்பாலும் வாக்காளர்கள் அல்லர், சொந்தக் கட்சியினரும் கூட்டணியினருமே என்பது தெளிவாகும்.

குற்றவியல் வழக்குகளுக்கு முந்தைய காலத்தில் விசாரணை ஆணையமே இதற்கான கருவியாக இருந்தது. அமைச்சர்கள் மீதான ஊழல் புகார்களை யார் யாருக்கு எதிராக விசாரிப்பது என்ற பூசலிலேயே ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் ஏழு கட்சி அமைச்சரவை 1969 அக்டோபரில் கவிழ்ந்தது. நீதிமன்றம் நேரடியாக நுழைந்தது 1977இல். நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச்சில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டு கக்கயம் முகாமில் வைக்கப்பட்டிருந்தார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் மனு, தாக்கல் செய்தார். ராஜன் காவலில் இருந்ததே இல்லை என்ற அரசுத் தரப்பின் கூற்றை உயர்நீதிமன்றம் 1977 ஏப்ரலில் ஏற்க மறுத்ததும், நெருக்கடி நிலைக் காலத்தில் உள்துறையைக் கவனித்தவரும் அப்போது முதலமைச்சராகி ஒரு மாதமே ஆனவருமான கே. கருணாகரன் ஏப்ரல் 25 அன்று பதவி விலகினார். ஆனால் அவருடைய முன்னணி சில வாரங்களுக்கு முன்புதான் 140 இடங்களில் 111ஐ வென்றிருந்தது. அந்தப் பெரும்பான்மைக்கு ஒரு கீறலும் விழவில்லை, ஏ.கே. ஆண்டனி அந்த நாற்காலியில் அமர்ந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் 1982 தேர்தலில் வென்று கருணாகரனே மீண்டும் முதலமைச்சரானார்.

பாமாயில் வழக்கு இதைவிட நீண்டது, சிக்கலானது. கருணாகரன் ஆட்சியில் 1991-92இல் மலேசிய நிறுவனம் ஒன்றிடமிருந்து, சிங்கப்பூர் இடைத்தரகர் வழியாக, 15,000 டன் பாமாயில் இறக்குமதி செய்யப்பட்டது. சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்ததால் அரசுக்கு இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று தணிக்கையில் குறை கூறப்பட்டது. இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தபின் 1997இல் விஜிலன்ஸ் துறை, அதாவது மாநில அரசின் ஊழல் தடுப்புக் காவல் பிரிவு, கருணாகரனை முதல் எதிரியாகச் சேர்த்து வழக்குப் பதிந்தது. மறு ஆண்டே நடந்த மக்களவைத் தேர்தலில் அவர் போட்டியிட்ட தொகுதி திருவனந்தபுரம். தலைமைச் செயலகமும் விஜிலன்ஸ் தலைமையகமும் உள்ள அந்நகர மக்கள் முதல் எதிரியைத் தம் உறுப்பினராகத் தில்லிக்கு அனுப்பினார்கள்.

அவரை அதற்கு முன் 1995இல் வீழ்த்தியதும் வாக்கு அல்ல. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மீது சுமத்தப்பட்டு, பிற்காலத்தில் ஆதாரமற்றது என முடிவான உளவு வழக்கில், தமக்கு நெருக்கமான காவல் அதிகாரியைக் காப்பாற்றுகிறார் என்ற புகாரை அவருடைய கட்சியிலேயே எதிர்க் குழுவினர் கையிலெடுத்தனர். மார்ச் மாதம் அவர் விலக, இம்முறையும் ஆண்டனியே வந்தார்.

பாமாயில் வழக்கு ஆட்சிக்கு ஆட்சி நிறம் மாறியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு, நீதிமன்றத்தின் இசைவோடு வழக்கைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞருக்கு அப்போது இடமளித்தது. காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு 2005 தொடக்கத்தில் அவ்வழியே வழக்கைக் கைவிட முடிவு செய்தது. 2006இல் வந்த வி.எஸ். அச்சுதானந்தன் அரசு அம்முடிவை மாற்றியது. இடையில் கருணாகரன் காங்கிரசைவிட்டு வெளியேறித் தனிக்கட்சி தொடங்கியபோது, 2005 உள்ளாட்சித் தேர்தலில் இடதுசாரி முன்னணியே அவரோடு உடன்பாடு கண்டது. வழக்கைத் தொடுத்தவர்களுக்கு எதிரியின் வாக்குகள் கசக்கவில்லை. அவர் 2010 டிசம்பரில் காலமானார். அடுத்த மார்ச்சில், இறக்குமதியின்போது உணவுத்துறைச் செயலராக இருந்து எதிரிகளில் ஒருவராகச் சேர்க்கப்பட்டிருந்த பி.ஜே. தாமஸ் மத்திய விஜிலன்ஸ் ஆணையராக நியமிக்கப்பட்டதை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்டில் திருவனந்தபுரம் விஜிலன்ஸ் நீதிமன்றம், இறக்குமதிக் காலத்தில் நிதியமைச்சராக இருந்து அப்போது முதலமைச்சராகியிருந்த உம்மன் சாண்டியின் பங்கையும் விசாரிக்கச் சொன்னது. 72-68 என்ற மெல்லிய பெரும்பான்மையில் நின்ற அவர் விஜிலன்ஸ் துறையை மட்டும் வேறொரு அமைச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் பதவியில் தொடர்ந்தார்.

வழக்கு உண்மையிலேயே சிறையில் முடிந்த அரிய நிகழ்வும் அதே ஆண்டில்தான் நேர்ந்தது. எண்பதுகளில் மின்துறை அமைச்சராக இருந்த ஆர். பாலகிருஷ்ண பிள்ளைக்கு, இடமலையாறு நீர்மின் திட்ட ஒப்பந்த முறைகேட்டில், 2011 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. அவர் பூஜப்புரை மத்தியச் சிறையில் இருக்கையில் நடந்த தேர்தலில் அவருடைய மகன் பத்தனாபுரத்தில் வென்று அமைச்சரும் ஆனார்.

அண்டை மாநிலத்தின் போக்கு வேறு. 2001இல் தண்டனை காரணமாக வேட்புமனுக்கள் தள்ளப்பட்ட ஜெயலலிதாவின் தலைமையில்தான் அ.தி.மு.க. அத்தேர்தலை வென்றது, கட்சி அவரைச் சுற்றியே நின்றது. கேரளத்தில் கட்சியோ அதற்குள் இருக்கும் குழுவோ தலைவரைவிட வலியது என்பதால், வழக்கின் விளைவும் அங்கேதான் தீர்மானமாகிறது. லாவ்லின் வழக்கு இதற்குத் துல்லியமான சான்று. பள்ளிவாசல், செங்குளம், பன்னியாறு மின்நிலையங்களைப் புதுப்பிக்கக் கனடிய நிறுவனத்துடன் 1990களில் செய்த ஒப்பந்தத்துக்காக, அன்றைய மின்துறை அமைச்சரும் பின்னர் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலருமான பினராயி விஜயன் மீது மத்தியப் புலனாய்வுப் பிரிவு வழக்கு நடத்தியது. அமைச்சரவையின் அறிவுரைக்கு மாறாக ஆளுநர் 2009 ஜூனில் அதற்கு அனுமதி தந்தார். அதற்குச் சில வாரங்கள் முன் வந்த மக்களவைத் தேர்தல் முடிவில் இடதுசாரி முன்னணி 18 இடங்களிலிருந்து 4க்குச் சரிந்திருந்தது. கூட்டணிப் பிளவும் அதற்குக் காரணம் என்பதால் முழுப் பழியையும் வழக்கின் மீது சுமத்த இயலாது. ஜூலையில் கட்சி தண்டித்ததோ, இவ்விவகாரத்தில் மாறுபட்டு நின்ற முதலமைச்சர் அச்சுதானந்தனை. அவர் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். திருவனந்தபுரம் சிறப்பு நீதிமன்றம் 2013 நவம்பரில் விஜயனை விடுவித்தது, 2016இல் அவர் முதலமைச்சரானார், 2017இல் உயர்நீதிமன்றம் விடுவிப்பை உறுதிசெய்தது. அதன்மேல் உச்சநீதிமன்றத்தில் வைக்கப்பட்ட மேல்முறையீடோ ஒத்திவைப்பு மேல் ஒத்திவைப்பாக நீண்டது.

உம்மன் சாண்டியைச் சூழ்ந்த சூரிய மின்தகடு மோசடி விவகாரத்தில் வாக்காளரின் மனத்தை ஓரளவு அளக்க முடிகிறது. 2013 ஆகஸ்டில் இடதுசாரிகள் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டனர்; மதுக்கூட உரிமக் கையூட்டுப் புகாரும் பின்னர் சேர்ந்துகொண்டது. இரண்டும் கொதித்துக்கொண்டிருந்த 2015 ஜூனில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அருவிக்கரை இடைத்தேர்தலில் காங்கிரசே வென்றது. ஆட்சி எதிர்ப்பு வாக்குகளை மூன்றாமவராக நின்ற பாரதிய ஜனதாவின் ஓ. ராஜகோபால் பங்கிட்டுக்கொண்டதே அங்கு இடதுசாரிகளுக்கு இடையூறாயிற்று. 2016 பொதுத்தேர்தலில் இடதுசாரிகள் 91 இடங்களைப் பிடித்தது வழக்கின் பலன்போலத் தோன்றினாலும், 1982 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் முன்னணிகள் மாறிமாறி வந்த மாநிலத்தில் அதை உறுதியாகச் சொல்வது கடினம். முதலமைச்சர் அலுவலகத்தின் முன்னாள் முதன்மைச் செயலர் 2020இல் கைதாவதற்கு வழிவகுத்த தங்கக் கடத்தல் விவகாரத்துக்குப் பின், 2021இல் அந்த மாற்றுமுறையே முறிந்து, அதே அரசு 99 இடங்களுடன் திரும்பி வந்தது. தேர்தலை ஒட்டி மத்தியப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்ட, சூரிய மின்தகடு விவகாரத்தில் சாண்டி மீதான புகாரில் ஆதாரமில்லை என்று அப்பிரிவு 2022இல் அறிவித்தது.

வழக்குகளையே பெருமையாக ஏந்தும் மரபும் ஒன்று உண்டு. குற்றப் பின்னணியை நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி வந்தபின், சபரிமலைப் போராட்டத்தால் தம்மீது விழுந்த 242 வழக்குகளை 2019இல் பாரதிய ஜனதாவின் கே. சுரேந்திரன் பக்கம் பக்கமாக அச்சிட நேர்ந்தது. போராட்ட வழக்குக்கும் ஊழல் வழக்குக்கும் இடையிலான வேறுபாட்டை மலையாள வாக்காளர் நன்கறிவார். முன்னதைக் கணக்கில் வைப்பதில்லை.

சட்டமன்ற வழக்கை இவ்விரண்டில் எதனுடன் சேர்ப்பது என்பதில் முன்னணிகள் ஒன்றுபடவில்லை. 2015 மார்ச் 13 அன்று, மதுக்கூடப் புகாருக்கு உள்ளான நிதியமைச்சர் கே.எம். மாணியை வரவுசெலவுத் திட்டம் வாசிக்கவிடாமல் தடுக்க முயன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவைத்தலைவரின் மேடையைச் சேதப்படுத்தினர். பொதுச்சொத்துச் சேத வழக்குப் பதிவாயிற்று. எதிரிகளில் ஒருவரான வி. சிவன்குட்டி 2016இல் தலைநகரின் நேமம் தொகுதியை ராஜகோபாலிடம் இழந்து, 2021இல் மீட்டு, கல்வி அமைச்சரானார். அதற்குள் மாணி காலமாகி, அவருடைய மகனின் கட்சி இடதுசாரி முன்னணியிலேயே சேர்ந்துவிட்டது. 321ஆம் பிரிவின்கீழ் இவ்வழக்கைத் திரும்பப் பெற இடதுசாரி அரசு செய்த முயற்சியை, உறுப்பினர்களின் சிறப்புரிமை சேதம் விளைவிப்பதற்கான காப்பு அல்ல என்று கூறி உச்சநீதிமன்றம் 2021 ஜூலையில் நிராகரித்தது. அமைச்சர் விலக வேண்டும் என்ற எதிர்க்கட்சிக் கோரிக்கையை முன்னணி ஏற்கவில்லை; 2022 செப்டம்பரில் சிவன்குட்டி அமைச்சராகவே திருவனந்தபுரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் முன்னிலையாகி, வாசிக்கப்பட்ட குற்றச்சாட்டை மறுத்தார்.