கிளிக்குஞ்சும் கோட்லாத் தூணும்

சென்ற கோடையில் தில்லியில் வீசிய புழுதிப்புயல் ஒன்றில், எங்கள் குடியிருப்பின் முன்னிருந்த முதிய வேப்பமரம் முறிந்து வீழ்ந்தது. அதன் பொந்தில் வாழ்ந்த தாய்க்கிளி நசுங்கி மடிந்தது. சிறகு முளைக்காத குஞ்சு ஒன்று மட்டும் எஞ்சியது. என் மகள் அதனைக் கூடையிலிட்டு, ஊறிய கடலையை மசித்து ஊட்டினாள். மூன்றாம் நாள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். பெயர் வைத்தபின் வழக்குச் சிக்கலாகிவிடுகிறது.

வழக்கு இந்நகருக்குப் புதிதன்று. அலுவலகம் செல்லும் நம்மவர் பலர் பேருந்திலிருந்தே காணும் பிரோஸ் ஷா கோட்லாவில் அசோகன் தூண் ஒன்று நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், இன்றைய அரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து அதனைக் கொணர்ந்து நிறுத்தினான். அதன் பிராமி எழுத்தின் பொருளை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் கண்டறிந்தார். ஐந்தாம் சாசனத்தில், முடிசூடி 26 ஆண்டு கழிந்த நிலையில், கொல்லலாகாத உயிர்களை மன்னன் வரிசைப்படுத்துகிறான். முதற்பெயர் கிளி; அடுத்தது மைனா. சினையுற்ற, பாலூட்டும் ஆடு பன்றிகளையும், ஆறு மாதம் நிரம்பாத அவற்றின் குட்டிகளையும் கொல்லுதல் தகாது என்கிறான். இறுதியில், அதுவரை 25 முறை சிறையிலிருந்தோர் விடுவிக்கப்பட்ட செய்தி வருகிறது. கிளியில் தொடங்கிச் சிறைவிடுதலையில் முடிவது தற்செயலே ஆகலாம். கூடையருகே அமர்ந்து படித்த எனக்கு அது உறுத்தியது.

கொல்லாமை எளிது, வளர்த்தபின் விடுதலை செய்வதே அரிது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலிற் கண்ட மனிதனையே தாயெனப் பின்தொடரும் வாத்துக்குஞ்சுகளைப் பற்றி ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லாரன்ஸ் 1935இல் எழுதினார். கிளியின் நிலை அவ்வளவு கடுமையன்று. ஆயினும் மனிதர் கையிலேயே வளர்ந்த குஞ்சு அஞ்சவேண்டியதற்கு அஞ்சக் கல்லாது. (இடையே ஒன்று: சிறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சுகள் பெரும்பாலும் அனாதைகள் அல்ல, தாய் அருகிலேயே இருக்கும். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் பொய். அவற்றை இருந்த இடத்தருகே கிளையில் வைத்துவிட்டு விலகுவதே போதும்.)

சட்டமும் குறுக்கிட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1990-91இல் இந்தியப் பறவை வாணிகம் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. நாட்டுக்கிளியைக் கூண்டில் வைத்தல் இன்று குற்றம். ஊரில் பாட்டி வீட்டுத் தாழ்வாரக் கிளியை நினைவுகூரும் நம்மவர்க்கு இதனை ஏற்பது கடினந்தான்.

செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர சமணரின் லால் மந்திர் வளாகத்தில் பறவை மருத்துவமனை ஒன்று உண்டு. 1929இல் தொடங்கி, 1957இல் இப்போதைய கட்டடத்திற்கு வந்தது. சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஊனுண்ணும் பறவைகளுக்கு மருந்திடுவரேயன்றி உள்ளே தங்கவைப்பதில்லை. அவ்விதியைக் குறைகூறுவோர் உளர். மற்றொரு விதி எவரும் மறுக்கவியலாதது: அங்குச் சேர்த்த பறவையைக் கொணர்ந்தவரிடம் திருப்பித் தருவதில்லை, நலமுற்றதும் பறக்கவிடுவர்.

இதனைக் கேட்ட மகள் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூடையை எடுத்துக்கொண்டு, "போகலாம் அப்பா" என்றாள்.

ஒரு மாதங்கழித்துப் பார்க்கச் சென்றோம். கிளிகள் பல இருந்தன. எங்களுடையது எது என அவளுக்கும் விளங்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தாள். ஒன்றும் திரும்பவில்லை.