தெமோதரைக் கங்காணியின் தலைப்பாகை

பதுளைக்குக் கோச்சியில் போகிறவர்கள் எல்ல நிலையம் கழிந்ததும் சன்னலோரம் நெருங்கி நிற்பார்கள். மலையகத்தார் ரயிலைக் கோச்சி என்றே சொல்வர். ஒன்பது வளைவுப் பாலத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் என் மனம் ரோமாபுரிக்குப் போய்விடும். காரணம் இருக்கிறது.

1921இல் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம் ஏறத்தாழ 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் கொண்டது. முதலாம் உலகப்போர் மூண்டதால் பாலத்துக்கு வரவேண்டிய உருக்கு போர்முனைக்குப் போய்விட்டது என்றும், அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் கல்லையும் சீமெந்தையும் மட்டும் கொண்டு கட்டிக் காட்டினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆனால், இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கை இதனைக் கொங்கிறீற் பாலமாகவே விவரிக்கிறது. வடிவமைத்தவர் ரயில்வே திணைக்களத்தின் ஹரோல்ட் கத்பர்ட் மார்வுட் என்று குறிக்கப்படுகிறது.

உருக்கு இல்லாமல் இத்தனை பாரத்தைத் தாங்க முடியுமா என்று வியப்போர் உண்டு. ரோமர் அந்த வியப்பை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்துவிட்டனர். கல்லும் கொங்கிறீற்றும் இழுவைக்கு இளகும், அழுத்தத்துக்கு அசையா. வளைவில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை நெருக்குகிறது. பாரம் அந்த நெருக்கத்தின் வழியே தூணுக்கும் தூணிலிருந்து நிலத்துக்கும் இறங்குகிறது. பிரான்சில் 49 மீற்றர் உயரத்தில் நிற்கும் போன் டு கார் நீர்ப்பாலமும், ஸ்பெயினின் செகோவியாவில் சாந்தே இல்லாமல் கருங்கல் அடுக்கிய நீர்ப்பாலமும் இப்படித்தான் நிற்கின்றன. ரோம் நகரத்துப் பந்தியோன் ஆலயத்தின் குவிமாடம் 43 மீற்றர் விட்டமுடையது. வெறும் கொங்கிறீற்; உள்ளே ஓர் உருக்குக் கம்பியும் இல்லை.

அடுத்த அதிசயம் தெமோதரை. ரயில் 1894இல் பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைந்ததோ 1924இல். இடையில் முப்பது ஆண்டுகள்! 500 மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். ஆனால் 44 அடி ஓடினால் ஓர் அடிக்கு மேல் இறங்கக்கூடாது என்பது மலைப்பாதையின் விதி. ஆகவே தெமோதரை நிலையத்தைக் கடக்கும் பாதை குன்றைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை பிறந்தது என்பது செவிவழிக் கதை.

கதை மெய்யோ பொய்யோ, அதில் ஒன்றைக் கவனியுங்கள். பொறியியலாளருக்குப் பெயர் உண்டு. கங்காணிக்குத் தலைப்பாகை மட்டுமே உண்டு.

ரோமிலும் இதுவே நடந்தது. பந்தியோனின் முகப்பில் கட்டியவன் அக்ரிப்பா என்று பொறித்திருக்கிறது. இன்றுள்ள கட்டடமோ அவன் இறந்து நெடுங்காலத்தின் பின் ஹேட்ரியன் பேரரசன் காலத்தில் எழுந்தது. கட்டாதவன் பெயரும் கல்லில் நிலைத்துவிட்டது. சுமந்தவன் பெயர் நிலைக்கவில்லை.

இலங்கையின் ரயில் பாதை வேலைகளில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளி கடனைத் தீர்த்துத் ‘துண்டு’ பெறாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல். பாலம் முடிந்த அதே ஆண்டு.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்தபின் அவர்களை ஏற்றிவந்தது ரயில். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கிட்டது. அவர்களைத் திருப்பி அழைத்துச் சென்றதும் ரயில்தான். நிலையத்தில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒன்றாய் அழுததால் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். ஊவாத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் இந்தப் பாதையின் வழியேதான் தலைமன்னார் நோக்கிப் போனார்கள். பாதை போடக் கல் சுமந்தவரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருப்பர்.

ரோமப் பாலங்களைச் சுமந்தவரின் பெயரை இனி மீட்க முடியாது. நம் பாட்டன்மார் சுமந்து நூறாண்டுகளே ஆகின்றன. நீலகிரியிலோ கனடாவிலோ இதனைப் படிக்கும் உங்கள் வீட்டில், தெமோதரைப் பக்கம் கல்லுடைத்த ஒருவரின் கதை இன்னும் பேச்சில் இருக்கலாம். பெயரையும் தோட்டத்தையும் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.